எந்தத் தெரு கவிழ்த்தது என்று என்னைக் கேட்டார்கள்

தேர்தல் நெருங்கினால் என் வீட்டு வாசலில் செருப்புகள் சேர ஆரம்பித்துவிடும். நிருபர் வேலைக்குப் புதிதாக வந்த நீங்கள் ஆரணி பஸ் நிலையத்தில் இறங்கி, வழி கேட்டுக்கொண்டு வந்து உட்காருவீர்கள். மடியில் லேப்டாப் இருக்கும். அதில் தமிழ்நாட்டு வரைபடம், மாவட்டத்துக்கு ஒரு வண்ணம். "மேடம், வடக்கு எந்தப் பக்கம் சாயுது?" என்பதுதான் முதல் கேள்வி. நான் காபி கொடுப்பேன், பதில் கொடுக்க மாட்டேன். ரிட்டயர் ஆகியும் இந்த அம்மாவுக்கு வாய் குறையவில்லை என்று படியிறங்கும்போது பேசிக்கொள்கிறீர்கள். எனக்குக் காது நன்றாகவே கேட்கிறது. குறைவதாக இருந்தால் வேலையில் இருந்தபோதே குறைந்திருக்கும். அதற்கு நிறையப் பேர் முயற்சி செய்தார்கள்.

வடக்கு என்று ஓர் ஆள் கிடையாது. தமிழ்நாடு என்று ஒரு வாக்காளர் எந்த வரிசையிலும் நின்றதில்லை. நிற்பவர்கள் சேவூர்க்காரர்கள், பெரணமல்லூர்க்காரர்கள், கலசப்பாக்கத்துக்காரர்கள். அவர்கள் போட்டதைக் கூட்டித்தான் மாநிலம் என்று பெயர் வைக்கிறோம். இதை நான் முதலில் சொன்னபோது எங்கள் பத்திரிகையின் சென்னை அலுவலகத்தில் சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

நான் வேலைக்கு வந்த புதிதில் ஒரு சட்டமன்றத் தேர்தல். வட மாவட்டங்கள் முழுக்க ஒரே அலை என்று சென்னையில் தலைப்பே தயாராகிவிட்டது. ஆரணியிலிருந்து அதற்கு ஏற்ற மாதிரி நாலு வரி மட்டும் போதும் என்று போன் வந்தது. நான் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். ஆரணி நகரத்தில் நெசவாளர்கள் பட்டு நூல் விலையைத் தவிர வேறு எதையும் பேசவில்லை. சேவூரில் நிறுத்திவிட்ட டவுன் பஸ்தான் பேச்சு. பெரணமல்லூர்ப் பக்கம் நெல் மூட்டைகள் கொள்முதல் நிலையத்தில் மழையில் நனைந்திருந்தன, அந்த ஆத்திரம். கலசப்பாக்கம் பக்கம் கட்சியைப் பற்றியே பேச்சில்லை, வேட்பாளர் எந்த ஊர்ப் பிள்ளை என்பதுதான் விஷயம். நான் பார்த்ததைப் பார்த்தபடி எழுதி அனுப்பினேன். "இதுல அலை எங்கம்மா?" என்று கேட்டார்கள். இல்லாததை நான் எங்கிருந்து பிடித்துக்கொண்டு வருவது என்று திருப்பிக் கேட்டேன். என் செய்தி குப்பைக்குப் போனது. ஓட்டு எண்ணியபோது மாநிலம் ஒரு பக்கம் போனது, எங்கள் பக்கத்துத் தொகுதிகளில் சில எதிர்ப் பக்கம் போயின. குப்பையிலிருந்து என் தாளை எடுத்துத் தரச் சொல்லி மறுநாள் போன் வந்தது. என்னிடம் நகல் இல்லை என்று சொல்லிவிட்டேன். இருந்தது.

ஒரு தொகுதியில் ஏரி நிரம்பி வழிந்தாலும் அந்தத் தண்ணீர் அடுத்த தொகுதி வயலுக்குப் பாயாது. இங்கே மலைபோல் ஓட்டு வாங்கி ஜெயித்தாலும் ஓர் இடம்தான், அங்கே மயிரிழையில் ஜெயித்தாலும் ஓர் இடம்தான். அதனால்தான் மொத்தத்தில் நிறைய ஓட்டு வாங்கிய கட்சி சில சமயம் வெளியே உட்கார்ந்திருக்கிறது. இந்தக் கணக்கு உங்களுக்கு ஒரு மணி நேரத்தில் பழகிவிடும். கணக்கு தெரிந்த பிறகு வாயை எங்கே மூடுவது, எங்கே திறப்பது என்பதுதான் இந்தத் தொழிலில் கஷ்டமான பகுதி. அதற்குத்தான் இப்போது ஒரு சம்பவம் சொல்லப்போகிறேன். எந்தத் தேர்தல், எந்தத் தொகுதி என்று கேட்காதீர்கள். ஆரணியைச் சுற்றி இருக்கும் தொகுதிகளில் ஒன்று, அவ்வளவுதான்.

அந்த முறை ஆட்சி ஒரு கைப்பிடி இடங்களில் தொங்கியது. அந்தக் கைப்பிடியில் எங்கள் தொகுதியும் ஒன்று. தோற்ற வேட்பாளர் ஒன்றியத்தில் பெரிய புள்ளி. நெல் வயல்களும் ரைஸ் மில்லும் அவருக்கு உண்டு, பங்காளிகளுக்கும் உண்டு. அவரை வேட்பாளர் என்றே சொல்கிறேன். அவர் தோற்றது மிகச் சொற்ப வித்தியாசத்தில்.

உங்களில் பலருக்கு ஒரு விஷயம் தெரியாது. சீட்டில் குத்தி ஓட்டுப் போட்ட காலத்தில் பல பெட்டிகளின் சீட்டுகளைக் கலந்துவிட்டுத்தான் எண்ணுவார்கள். எந்த ஊர் யாருக்குப் போட்டது என்று சொல்ல முடியாது. மெஷின் வந்த பிறகு ஒவ்வொரு வாக்குச்சாவடிக்கும் தனி எண்ணிக்கை மேஜைமேல் தெரிந்துவிடுகிறது. எங்கள் பக்கத்துக் கிராமங்களில் ஒரே பள்ளிக்கூடத்தில் இரண்டு அறைகள் இருக்கும். ஓர் அறையில் ஊர்க்காரர்கள் ஓட்டுப் போடுவார்கள், அடுத்த அறையில் காலனிக்காரர்கள். அறையின் எண்ணிக்கை தெரிந்தால் தெருவின் எண்ணிக்கை தெரிந்த மாதிரி. தனி மனிதனின் ஓட்டு ரகசியம்தான். தெருவின் ஓட்டு ரகசியம் இல்லை.

வேட்பாளரின் ஏஜென்ட் ஓட்டு எண்ணும் கூடத்தில் கம்பி வலைக்கு இந்தப் பக்கம் நின்று அவர் சொந்த ஊர் அறைகளின் எண்ணிக்கையைக் குறித்துக்கொண்டார். வெளியே டீ குடிக்க வந்த உடனே ஊருக்குப் போன் போட்டார். நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். "காலனி ரூம்தான் நம்மள கவுத்துடுச்சி, மத்ததெல்லாம் பரவால்ல" என்றார். மற்றதையெல்லாம் அவர் சரியாகப் பார்த்திருக்கவில்லை. காலனி அறைதான் கவிழ்க்கும் என்று முதலிலேயே முடிவு செய்துவிட்டு வந்தவர், அந்த அறையின் எண்ணிக்கை வந்ததும் பென்சிலைக் காதில் சொருகிவிட்டார்.

மறுநாள் காலை சென்னையிலிருந்து செய்தி ஆசிரியர் கூப்பிட்டார். என்னைவிட வயதில் சிறியவர், கெட்டிக்காரர்.

"மேடம், சூப்பர் ஸ்டோரி மாட்டியிருக்கு. ஆட்சிய மாத்துன தெரு. உங்க பக்கத்துல ஒரு காலனி பூத் இருக்காமே, வித்தியாசம் மொத்தமும் அங்கேயே வந்துடுதாம். தெரு பேரோட, நாலு முகத்தோட வேணும். முதல் பக்கம்."

"பாத்துட்டு சொல்றேன்" என்று வைத்தேன். அவர் கேட்டது எனக்குப் பிடிக்கவில்லை. ஏன் என்று யோசிப்பதற்குள் அடுத்த போன். வசந்தா.

வசந்தா அந்தக் காலனிப் பெண். பி.காம். முடித்துவிட்டு ஆரணியில் ஒரு பட்டுச் சேலைக் கடையில் பில் போடுகிறாள். அவர்கள் ஊருக்கு பஸ் வராததைப் பற்றி முன்பு ஒரு செய்தி எழுதியபோது பழக்கம்.

"அக்கா, எங்க ஊர்ல சொர்ணவாரி பட்டத்து நெல்லு நடவு நடந்துகினு இருக்குது. இன்னிக்குக் காலையில எங்க அம்மாவும் தெருப் பொம்பளைங்களும் ரோட்டாண்ட நின்னுகினு இருந்தாங்க. தோத்தவரு வூட்டு வேன் வரவே இல்ல. வெளியூர்லேர்ந்து ஆள எறக்கிட்டாங்க. குடிதண்ணி மோட்டாரும் ரிப்பேராம்."

"யாரு சொன்னது, வர வேணாம்னு?"

"யாருமே ஒண்ணும் சொல்லலக்கா. அதான் பேஜாரே. இதுல பேப்பர்லேர்ந்து யாரோ எங்க தெருவ போட்டோ எடுக்கணும்னு கேட்டாங்களாம். இப்ப ஊருக்குள்ள மட்டும்தான் பேச்சு. நீங்க அச்சுல போட்டுட்டீங்கன்னா அப்புறம் அத்த யாராலயும் அழிக்க முடியாது. அந்த வயல விட்டா எங்களுக்கு வேற வயல் இல்ல."

நான் வண்டியை எடுத்தேன். அந்த ஊருக்குப் போனபோது நல்ல வெயில். தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் காலிக் குடங்கள் வரிசையாக இருந்தன. தூரத்து வயலில் வேறு ஊர்ப் பெண்கள் குனிந்து நாற்று நட்டுக்கொண்டிருந்தார்கள். காலனிப் பெண்கள் வேப்பமர நிழலில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தங்கள் வேலையை வேறு கைகள் செய்வதை உட்கார்ந்து பார்ப்பது எப்படி இருக்கும் என்று அவர்கள் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டேன். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. எனக்கு எப்போதும் அதுதான் முதலில் வரும்.

வசந்தாவின் அம்மா எழுந்து வந்தார். "இன்னாமா, நாங்க யாருக்குப் போட்டோம்னு கேக்க வந்தியா? கேக்காத. கேட்டாலும் சொல்ல மாட்டோம்" என்றார். கும்பிடும் போடவில்லை, உட்காரவும் சொல்லவில்லை. எனக்கு அவரை ரொம்பப் பிடித்துப்போனது.

அங்கே நின்றபடியே ஒன்றிய அலுவலகத்துக்குப் போன் போட்டேன். பத்திரிகையிலிருந்து பேசுகிறேன், மோட்டாரில் என்ன ரிப்பேர், எந்தப் பாகம், யார் பார்க்க வருகிறார்கள், பெயர் சொல்லுங்கள், நாளைய பேப்பரில் போடவேண்டும் என்றேன். நான் ஊரை விட்டுக் கிளம்புவதற்குள் குழாயில் தண்ணீர் வந்துவிட்டது. மோட்டாருக்கு ஒன்றும் ஆகியிருக்கவில்லை. வயலை அப்படி மிரட்ட முடியாது. தன் வயலுக்கு யாரைக் கூப்பிடுவது என்பது முதலாளியின் இஷ்டம் என்று சொல்லிவிடுவார்கள்.

ஆரணிக்குத் திரும்பி என் அலுவலக அறையில் உட்கார்ந்தேன். எண்ணும் இடத்தில் வாங்கி வைத்திருந்த அறைவாரிக் கணக்கை எடுத்து, ஏஜென்ட் பார்க்காமல் விட்டதையெல்லாம் நான் பார்த்தேன். அந்தத் தொகுதியில் வித்தியாசம் அவ்வளவு சிறியது, ஏறக்குறைய எந்த அறையை எடுத்தாலும் இதுதான் கவிழ்த்தது என்று சொல்லிவிடலாம். தேரை ஊரே சேர்ந்து இழுத்த பிறகு, வடத்தில் யார் கை வைத்ததால் தேர் நகர்ந்தது என்று கேட்பது போன்ற கேள்வி அது. அப்படி இருக்கும்போது காலனி அறையை மட்டும் ஏன் எடுக்கிறோம்? கணக்கு அதை எடுக்கச் சொல்லவில்லை. நாம் எடுக்கிறோம். பிள்ளைகளே, இந்த இடத்தில்தான் கவனமாக இருக்க வேண்டும். எண் பொய் சொல்லாது என்பீர்கள். எந்த எண்ணைக் காட்டுவது என்று முடிவு செய்வது எண் இல்லை, நீங்கள்.

பிறகு அதே பள்ளிக்கூடத்தின் அடுத்த அறையைப் பார்த்தேன். வேட்பாளரும் அவர் பங்காளிகளும் ஓட்டுப் போட்ட அறை. அங்கே அவருக்கு எதிராக விழுந்த ஓட்டு மட்டுமே, அவர் தோற்ற வித்தியாசத்தைவிட அதிகம். அந்தத் தெரு முழுதாக அவர் பக்கம் நின்றிருந்தால் அவர் எம்.எல்.ஏ. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தனியாக உட்கார்ந்து சத்தமாகவே சிரித்தேன்.

செய்தி ஆசிரியரைக் கூப்பிட்டேன். "ஸ்டோரி இருக்கு. ஆனா நீங்க கேட்டது இல்ல" என்று விஷயத்தைச் சொன்னேன்.

"மேடம், அதையும் போடலாம், இதையும் போடலாம். காலனி நம்பர் பப்ளிக்தானே? நாம ஒண்ணும் திருடலையே."

"உங்க வீட்டு விலாசமும்தான் பப்ளிக். முதல் பக்கத்துல போட்டு, கீழ ஒரு அருவாள் படம் வரைஞ்சா சும்மா இருப்பீங்களா?"

"நீங்க எழுதலன்னா நான் டெஸ்க்ல எழுதிக்குவேன்."

"எழுதுங்க. எழுதிட்டு நீங்களே வந்து அந்தத் தெருவுல பேப்பர விநியோகம் பண்ணுங்க. வேலை இல்லாம உட்காந்திருக்கற பொம்பளைங்ககிட்ட, உங்க தெருதான் ஆட்சிய மாத்துச்சு, சந்தோஷமான்னு கேட்டுட்டுப் போங்க."

"உங்க இடத்துக்கு வேற ஆள் போட எனக்கு ரொம்ப நேரம் ஆகாது மேடம்."

"ஆகாது. போடுங்க. ஆனா வர்ற ஆளுக்கு அந்த ஊர்ல ஒருத்தரும் இனிமே ஒரு வார்த்தை பேச மாட்டாங்க. உங்களுக்கு ஒரு நாள் தலைப்பு வேணுமா, ஒரு ஊர் வேணுமா?"

அவர் கெட்டிக்காரர் என்று முன்பே சொன்னேன். கடைசியில், "வேட்பாளரோட சொந்த ரூமே கவுத்துச்சுன்னா அதான் பெரிய நியூஸ்" என்று தானே கண்டுபிடித்தது போலச் சொன்னார். அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். பெருமை யாருக்கு வேண்டும்?

செய்தி வந்தது. வேட்பாளர் தாம் ஓட்டுப் போட்ட அறையிலேயே, தம்மைத் தோற்கடிக்கப் போதுமான ஓட்டுகளை இழந்தார் என்று எழுதியிருந்தேன். இவ்வளவு சிறிய வித்தியாசத்தில் எந்த ஒரு தெருவாலும் தனியாக யாரையும் தோற்கடிக்க முடியாது என்றும் எழுதியிருந்தேன். காலனி என்ற சொல்லே அதில் இல்லை. எளியவர்களை விட்டுவிட்டு வலியவரைப் பேர் சொல்லி எழுதினால் அது ஒரு பக்கச் சார்பு இல்லையா என்று போன வாரம் உங்களில் ஒருவர் என்னைக் கேட்டார். ஆமாம், சார்புதான். அவர் தெருவை அச்சில் போட்டால் அங்கே யாருக்கும் சோறு போகாது. இந்தத் தெருவைப் போட்டால் போகும். இந்த வித்தியாசம் தெரியாதவரை நடுநிலையாளர் என்று நான் மதிப்பதில்லை.

அடுத்த ஓரிரு நாளில் வேட்பாளரே என் அலுவலகத்துக்கு வந்தார். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடைக்கு மேலே ஓர் அறை, குறுகலான படி. அவர் ஆட்கள் கீழேயே நின்றுகொண்டார்கள். அவர் மட்டும் ஏறி வந்து, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நான் மின்விசிறியை அவர் பக்கம் திருப்பினேன். பயமாகத்தான் இருந்தது. பயத்தைக் காட்டக்கூடாது என்று கையில் பேனாவை வைத்துக்கொண்டேன்.

"ஏம்மா, நீயும் இந்த ஊர்லதான குடியிருக்க?"

"ஆமாங்க ஐயா. ஓட்டும் இங்கதான்."

"நான் தோத்தது ஒரு பக்கம் கெடக்கட்டும். நீ எழுதுனதுலேர்ந்து எங்க தெருவுல ஒருத்தன் மூஞ்ச ஒருத்தன் பாக்க மாட்டேங்குறான். எங்க சித்தப்பா மவன் டீ குடிக்கக் கூப்புட்டா, இவன் போட்டிருப்பானா மாட்டானான்னு யோசிச்சிகினே குடிக்கிறேன். இது நல்லாக்கீதா?"

"நல்லா இல்லீங்க. காலனிலயும் அதே கததான். உங்களுக்காவது டீ கெடைக்குது. அங்க வேலையே இல்ல."

"அவங்க எனக்குப் போடல. என் வயலுக்கு நான் இன்னாத்துக்குக் கூப்புடணும்?"

"உங்களுக்குப் போடலன்னு யாரு சொன்னது?"

"ஏஜென்ட்டு சொன்னான்."

"ஏஜென்ட்டு பாதிதான் சொல்லிக்கீறாரு. அந்த ரூம்ல உங்களுக்கும் ஓட்டு விழுந்துகீது ஐயா. கம்மிதான், ஆனா விழுந்துகீது. உங்களுக்கு ஓட்டுப் போட்டுட்டு, ஓட்டு எண்ணுன மறுநாள் காலையில உங்க வேனுக்காக ரோட்டுல நின்னு, ஏமாந்து வூட்டுக்குத் திரும்பிப் போன பொம்பளைங்க அங்க இருக்காங்க."

அவர் இதை எதிர்பார்க்கவில்லை. முகத்தில் இருந்த முறுக்கு கொஞ்சம் தளர்ந்தது போலிருந்தது. பிறகு முன்னால் குனிந்து, குரலைத் தாழ்த்தினார்.

"யாரு அவங்க? பேரு மட்டும் சொல்லு. நாளைக்கே ஜல்தியா வேன் அனுப்பி கூப்புட்டுக்குறேன்."

அவர் நல்லது செய்வதாகவே நினைத்துக் கேட்டார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. இத்தனை வருட வேலையில் எனக்கு அந்த அளவு கோபம் வந்தது கிடையாது. ஆனால் கத்தவில்லை.

"எனக்குத் தெரியாதுங்க. உங்களுக்கும் தெரியாது. இன்னும் எத்தன மெஷின் வந்தாலும் தெரிஞ்சிக்க முடியாது. நீங்க அந்த ரோட்டுல ஒருத்தர விட்டுட்டு வந்தாலும், அவங்க உங்களுக்குப் போட்டவங்களா இருக்கலாம். உங்களுக்குப் போட்டவங்க வயித்துல அடிக்க வேணாம்னு நெனச்சீங்கன்னா ஒரே வழிதாங்க ஐயா. எல்லாரையும் கூப்புடணும்."

அவர் எழுந்தார். நாற்காலியை இருந்த இடத்துக்கே தள்ளிவிட்டுப் படியிறங்கினார். அதற்குப் பிறகு கல்யாண வீடுகளில் எதிர்ப்பட்டால்கூட என்னிடம் பேசியதில்லை. எனக்கு அதில் வருத்தமும் இல்லை.

திங்கட்கிழமை காலை வசந்தா கடைக்குப் போகிற வழியில் போன் செய்தாள். காலனி ரோட்டில் வேன் வந்து நின்றதாம். டிரைவர் யார் பேரையும் கேட்கவில்லை. நின்றவர்கள் எல்லாரும் ஏறிக்கொண்டார்கள்.